மழையை நம்பிய மதுரைக் கோட்டை

மதுரைக்குப் போனவர்களில் சிம்மக்கல்லைப் பார்க்காதவர்கள் குறைவு. மாவட்ட மைய நூலகத்துக்குப் போகிறவர்களும், பேச்சியம்மன் படித்துறைக்குப் போகிறவர்களும், யானைக்கல் பாலத்தைக் கடந்து கோரிப்பாளையம் போகிறவர்களும் அந்த வட்டாரத்தைச் சுற்றித்தான் போக வேண்டும். பக்கத்திலே வடக்கு வெளி வீதி. அதற்கு அப்பால் கூப்பிடு தூரத்தில் வைகை.

இந்த வெளி வீதி ஒரு காலத்தில் வீதியல்ல. அது அகழி. ஊரைச் சுற்றி நாயக்கர் காலத்து மதிலும், மதிலைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் அகழியும் இருந்தன. எழுபத்திரண்டு கொத்தளங்கள், கொத்தளத்துக்கு ஒரு பாளையக்காரர் காவல் என்று சொல்லுவார்கள். கடந்த நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில், பிளாக்பர்ன் துரை கலெக்டராக இருந்தபோது, மதிலை இடித்து அகழியைத் தூர்த்தார்கள். அந்த வேலையில் முன்நின்ற மாரட் துரையின் பெயரும் பெருமாள் மேஸ்திரியின் பெயரும் இன்றைக்கும் மதுரை வீதிகளில் இருக்கின்றன.

அந்த மதில் நின்ற நாளில், 1763-ம் வருஷம், உள்ளே ஒரு மனிதர் மழையை எதிர்பார்த்துக் கொண்டிருந்தார். வெளியே கும்பினிப் படை பீரங்கியோடு நின்றது. மழை முந்துமா, பீரங்கி முந்துமா என்பதுதான் கேள்வி. அவர் பெயர் யூசுப்கான். ஊர் மக்களுக்குக் கான்சாகிப். இன்றைய தலைமுறைக்கு மருதநாயகம் என்றால் சட்டென்று விளங்கும்.

பள்ளிக்கூடச் சரித்திரப் புத்தகங்களில் யுத்தங்களுக்கு வருஷம் போட்டிருக்கும். மாதம் போட்டிருக்காது. ஒரு யுத்தம் ஏன் அப்படி முடிந்தது என்று தெரிந்துகொள்ள வேண்டுமானால், வருஷத்தைக் காட்டிலும் மாதம்தான் முக்கியம். மதுரைக் கோட்டையின் கதை இதற்கு நல்ல சாட்சி.

பழந்தமிழர் போட்ட கணக்கு

நிலத்தையும் பொழுதையும் விட்டுவிட்டு யுத்தத்தைப் பற்றிப் பேசவே கூடாது என்பது நம் முன்னோரின் முடிவு. தொல்காப்பியம் காதலுக்கு மாத்திரம் குறிஞ்சி, முல்லை என்று நிலம் பிரிக்கவில்லை. போருக்கும் ஜோடி சேர்த்திருக்கிறது. ஆநிரை கவரும் வெட்சி, மலைநிலமான குறிஞ்சிக்குப் புறம். படையெடுத்துச் செல்லும் வஞ்சி, காட்டு நிலமான முல்லைக்குப் புறம். கோட்டையை வளைக்கும் உழிஞை, வயல் நிலமான மருதத்துக்குப் புறம். நேருக்கு நேர் பொருதும் தும்பை, நெய்தலுக்குப் புறம்.

இந்த ஜோடிகளில் உழிஞையும் மருதமும் சேர்ந்திருப்பது மதுரைக்காரர்களுக்கு உடனே புரியும். வயல் இருக்கிற இடத்தில்தான் நெல் சேரும். நெல் சேருகிற இடத்தில்தான் ஊர் பெருக்கும். ஊர் பெருத்தால் மதில் வேண்டும். மதிலுக்கு அகழி வேண்டும். அகழிக்குத் தண்ணீர் வேண்டும். எல்லாவற்றுக்கும் ஓர் ஆறு வேண்டும்.

பருவத்தையும் அவர்கள் விடவில்லை. முல்லைப்பாட்டில் அரசன் கார்காலத்தில் பாசறையில் இருக்கிறான். நெடுநல்வாடையில் வாடைக்காற்று வீசும் கூதிர்காலத்துப் பாசறை. மழைத்தூறலில், நள்ளிரவில், காயம்பட்ட வீரர்களை அரசன் போய்ப் பார்க்கிறான். அந்தப் பாட்டைப் பாடியவர் மதுரை நக்கீரர். பாட்டின் தலைவன் தலையாலங்கானத்தில் வென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் என்று உரைகாரர்கள் சொல்லுகிறார்கள். மழைக்காலத்தில் பாசறையில் கிடப்பது எவ்வளவு சங்கடம் என்று மதுரைப் புலவருக்கு நன்றாகத் தெரிந்திருக்கிறது.

வள்ளுவரோ இன்னும் ஒரு படி மேலே போய்விட்டார். பொருட்பாலில் காலமறிதல் 49-வது அதிகாரம். இடனறிதல் 50-வது அதிகாரம். அடுத்தடுத்து வைத்திருக்கிறார். இடம் தெரியாமல் காலை விட்டால் யானைக்கு என்ன கதி நேரும் என்று அதில் ஒரு குறளில் சொல்லுகிறார். சேற்றில் சிக்கிய அந்த யானையை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். சற்று நேரத்தில் நத்தம் கணவாயில் அது வேறு உருவத்தில் வரப் போகிறது.

மதுரை மண்ணின் குணம்

மதுரைக்கு மழை வருவது பெரும்பாலும் வடகிழக்குப் பருவக்காற்றில். தென்மேற்குக் காற்றின் மழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுகிறது. வருஷத்துக்கு ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் மழை. அதில் பாதிக்குச் சமமானது ஐப்பசி, கார்த்திகை, மார்கழியில் கொட்டித் தீர்த்துவிடும். வைகையும் அப்படித்தான். 1895-ல் பெரியாற்றுத் தண்ணீர் மலையைக் குடைந்து இந்தப் பக்கம் வருவதற்கு முன், வைகை வருஷத்தில் பல மாதம் வெறும் மணல். ஊற்றுத் தோண்டித்தான் தண்ணீர் எடுக்க வேண்டும். வருஷநாட்டு மலையில் மழை பிடித்துவிட்டால், மாலையில் மணலாகக் கிடந்த ஆறு விடியும்போது கரை புரண்டு ஓடும். இப்போது 1959-ல் கட்டிய வைகை அணை அதற்குக் கடிவாளம் போட்டிருக்கிறது. அந்த நாளில் கடிவாளம் கிடையாது.

மதுரை இருப்பது வைகையின் தென்கரையில். கும்பினிப் படைக்குச் சோறும் குண்டும் வந்துகொண்டிருந்தது திருச்சியிலிருந்து. அதாவது வடக்கேயிருந்து. மதுரையை வளைக்க வருகிறவன் ஆற்றைத் தாண்டி வந்தாக வேண்டும். வெள்ளம் வந்துவிட்டால் அவன் ஒரு கரையில், அவனுடைய அரிசி மறு கரையில். அந்த ஆற்றின் மேல் ஆல்பர்ட் விக்டர் பாலம் வந்தது 1889-ல்தான்.

தெற்கே திருமங்கலம் பக்கம் போனால் கரிசல். வெயிலில் கரிசல் மண் பாளம் பாளமாக வெடிக்கும். மழை பெய்தால் பசை. மாட்டு வண்டிச் சக்கரத்தில் அப்பிக்கொண்டு சக்கரத்தையே இரண்டு பங்கு தடிக்க வைத்துவிடும். ஊருக்கு ஊர் கண்மாய், கண்மாய் நிறைந்தால் வயல் முழுதும் தண்ணீர், நடக்க வரப்புதான். வரப்பிலே ஒற்றையாள் நடக்கலாம். பீரங்கி நடக்குமா?

கோட்டை மதிலை உடைக்கிற இரும்புப் பீரங்கி ஒன்று இரண்டு டன்னுக்குக் குறையாது. பெரியது இரண்டரை டன். வண்டியின் கனம் தனி. அதை இழுக்க ஜோடி ஜோடியாக மாடுகள். மாடுகளுக்குத் தீனி. தீனி ஏற்றிய வண்டிகளுக்கு வேறு மாடுகள். இத்தனையும் காய்ந்த தரையில் ஓடும். ஈரத் தரையில் எல்லாம் நிற்கும். ஐரோப்பாவிலும் இதே பாடுதான். 1815-ல் வாட்டர்லூவில் ஜூன் 17-ந் தேதி இரவெல்லாம் மழை. தரை உலராததால் மறுநாள் பகல் பதினொரு மணி வாக்கில்தான் நெப்போலியன் சண்டையைத் தொடங்க முடிந்தது. காய்ந்த தரையில் விழுந்து துள்ளித் துள்ளிப் போக வேண்டிய குண்டுகள் அன்றைக்குச் சேற்றில் புதைந்தன. காலையில் இழந்த மணி நேரங்கள் மாலையில் அவரைக் கவிழ்த்தன.

துப்பாக்கியின் கதையும் சொல்ல வேண்டும். அந்தக் காலத்துத் துப்பாக்கியில் சக்கிமுக்கிக் கல் உரசித் தீப்பொறி பறந்து, சிறு கிண்ணியில் வைத்த மருந்தில் பட்டு வெடிக்க வேண்டும். கிண்ணியில் நாலு சொட்டு மழைத் தண்ணீர் விழுந்தால் துப்பாக்கி வெறும் தடி. அந்த நேரத்தில் வேலும் வாளும் வைத்திருப்பவனே பாக்கியசாலி.

டில்லிச் சேனை நனைந்தது

1311-ல் மாலிக்காபூர் டில்லிச் சேனையோடு பாண்டிய நாட்டுக்குள் வந்தபோது, சித்திரை மாதத்தை ஒட்டிய கோடைக்காலம். அந்தப் படையெடுப்பைப் பாரசீக மொழியில் எழுதிவைத்த அமீர் குஸ்ரு, தமிழ் நாட்டில் பெய்த மழை சேனையை அலைக்கழித்ததை விவரமாகச் சொல்லுகிறார். பாதை எது, பள்ளம் எது என்று தெரியாமல் குதிரைகள் தவித்தனவாம். அரசரைத் துரத்திப் போனவர்களுக்கு அரசர் அகப்படவில்லை. மதுரைக்கு வந்து பார்த்தபோது பாண்டியர் குடும்பத்தோடு போய்விட்டிருந்தார். மழை ராஜாவைக் காப்பாற்றியது, ஊரைக் காப்பாற்றவில்லை. ஓடுகிறவனுக்கு உதவுகிற மழை, இருந்த இடத்தை விட்டு நகர முடியாத கோயிலுக்கும் குடிகளுக்கும் உதவாது.

நத்தம் கணவாயில் ஒரு வண்டி

1755-ல் கர்னல் ஹெரான் என்பவர் கும்பினிப் படையோடு மதுரைக்கும் திருநெல்வேலிக்கும் வரி வசூலுக்கு வந்தார். சிப்பாய்களின் தலைவராக உடன் வந்தவர் யூசுப்கான். மதுரைக்குப் பக்கத்தில் கோவில்குடி ஆலயத்தைத் தாக்கி, அங்கிருந்த விக்கிரகங்களை ஹெரானின் படை அள்ளிக்கொண்டு போயிற்று. விக்கிரகங்களை மீட்காமல் விடுவதில்லை என்று கள்ளர் நாட்டார் கங்கணம் கட்டிக்கொண்டார்கள். ஆனால் அவர்கள் மைதானத்தில் வந்து பீரங்கிக்கு எதிரே நிற்கவில்லை. இடம் பார்த்தார்கள்.

திருச்சிக்குத் திரும்பும் வழியில் நத்தம் கணவாய் இருக்கிறது. மதுரைக்கு வடக்கே இருபது மைலுக்குச் சற்று மேல். இரு பக்கமும் குன்று, குன்றெல்லாம் காடு, நடுவிலே ஒடுங்கிய வழி. மே மாதக் கடைசியில் படை அதற்குள் நுழைந்தது. எதிர்ப்பு ஒன்றும் இல்லை என்று முன்னணி மேலே மேலே நடந்தது. பின்னால் வந்த வெடிமருந்து வண்டி ஒன்று சேற்றுப் பள்ளத்தில் இறங்கிச் சிக்கிக்கொண்டது. மாடுகள் இழுத்துப் பார்த்தன, அசையவில்லை. ஒடுங்கிய வழியானதால் அதற்குப் பின்னால் வந்த வண்டிகள் விலகிப் போக இடமில்லை. எல்லாம் நின்றுவிட்டன. முன்னணியோ வெகுதூரம் போய்விட்டது.

இதற்காகத்தான் காட்டுக்குள் காத்திருந்தார்கள். அம்பும் வேலும் மரங்களுக்குள்ளிருந்து வந்தன. எதிரே ஆள் தெரியாமல் சிப்பாய்கள் எதைச் சுடுவது? அடைபட்ட வண்டிகளுக்குள் புகுந்து, ‘சாமி, சாமி’ என்று கூவிக்கொண்டு விக்கிரகங்களை மீட்டுக்கொண்டு போய்விட்டார்கள் என்று கும்பினிச் சரித்திரக்காரர் ராபர்ட் ஆர்ம் எழுதியிருக்கிறார். ஹெரான் பிறகு ராணுவ விசாரணைக்கு உட்பட்டு வேலையிலிருந்து நீக்கப்பட்டார்.

ஒரு சேற்றுப் பள்ளம், ஒரு வண்டி. வள்ளுவரின் யானை இதுதான். அந்தப் படையெடுப்பில் சென்ற யூசுப்கான், வெள்ளைக்காரப் படையின் பலம் எங்கே, பலவீனம் எங்கே என்று கண்ணால் கண்டவர். 1758-ம் வருஷக் கடைசியில் பிரெஞ்சுத் தளபதி லாலி சென்னைக் கோட்டையை வளைத்தபோது, வெளியே சுற்றித் திரிந்து பிரெஞ்சுக்காரருக்கு வரும் உணவையும் சாமான்களையும் வழிமறித்தவரும் இவரே. கோட்டைச் சண்டையில் குண்டைவிட அரிசி முக்கியம் என்பதை அவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

1763: மழை ஜெயித்த வருஷம்

மதுரைக் கோட்டையின் பலம் கும்பினியாருக்கும் தெரியும். 1757-ல் கைலாட் என்ற காப்டன் இருமுறை தாக்கித் தோற்று, கடைசியில் உள்ளே இருந்தவர்களுக்கு 1,70,000 ரூபாய் கொடுத்துத்தான் கோட்டையை வாங்கினார். பீரங்கியால் ஆகாதது பணத்தால் ஆயிற்று. பிறகு மதுரையின் அதிகாரம் யூசுப்கானிடம் வந்தது. அவர் கோட்டையைப் பழுது பார்த்தார், குளங்களைக் கவனித்தார், கொள்ளையை அடக்கினார், தறி நெய்வோருக்கு ஆதரவு காட்டினார். ஆர்க்காட்டு நவாபுக்கும் அவருக்கும் ஆகவில்லை. கும்பினி நவாபின் பக்கம் நின்றது. யூசுப்கான் பிரெஞ்சுக் கொடியை ஏற்றினார். அவருடைய துரதிர்ஷ்டம், அதே 1763 பிப்ரவரியில் பாரிசில் இங்கிலாந்தும் பிரான்சும் சமாதானம் பேசிக் கையெழுத்துப் போட்டுவிட்டன. பிரான்சிலிருந்து உதவி வராது. மேகத்திலிருந்துதான் வர வேண்டும்.

கர்னல் மான்சன் தலைமையில் கும்பினிப் படையும், நவாபின் படையும் மதுரைக்கு முன்னால் வந்து சேர்ந்தபோது செப்டம்பர் பிறந்துவிட்டது. இங்கேதான் மாதத்தைக் கவனிக்க வேண்டும். பெரிய கோட்டையை முறைப்படி பிடிக்க வேலை நிறைய. முதலில் தூரத்தில் மண்ணைத் தோண்டி மறைவு வழி வெட்ட வேண்டும். அதை வளைத்து வளைத்து மதிலை நோக்கி நீட்ட வேண்டும். மண் நிரப்பிய கூடைகளும் சுள்ளிக் கட்டுகளும் அடுக்கிப் பீரங்கி மேடை கட்ட வேண்டும். மதிலில் பிளவு உண்டாக்க வேண்டும். பிறகு அகழியைத் தாண்ட வேண்டும். புரட்டாசியில் தொடங்கினால் ஐப்பசிக்குள் முடிக்க வேண்டும். அடை மழைக்கு முன்னால் கிடைப்பது ஏழெட்டு வாரம்.

யூசுப்கானுக்கு ஜெயிக்க வேண்டிய அவசியமே இல்லை. அந்த வாரங்களை வீணடித்தால் போதும். பகலில் உடைந்த மதிலை இரவில் அடைத்தார். வெட்டிய குழிகள்மீது ஆட்களை அனுப்பித் தாக்கினார். நாட்கள் நகர்ந்தன. மழை வந்தது. தோண்டின குழியெல்லாம் குளமாயிற்று. ஆற்றோரத்து மண்ணில் மழைக்காலத்தில் நாலு முழம் தோண்டினாலே அடியிலிருந்து ஊறும். மேலேயிருந்து வேறு கொட்டினால் கேட்க வேண்டுமா? காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் கூடாரங்களில் புகுந்தன. நவம்பரில் மான்சன் முற்றுகையைக் கைவிட்டார். படை கிழக்கே தெப்பக்குளத்துப் பக்கம் ஒதுங்கியது.

அந்த வருஷம் மதுரையைக் காப்பாற்றியது மழை என்று சொல்லிவிடலாம். ஆனால் அதில் பாதிதான் உண்மை. களஞ்சியத்தில் தானியமும், மதிலைக் காக்க ஆட்களும் இல்லாதிருந்தால், மழை வரும்வரை கோட்டை நின்றிராது.

1764: பஞ்சாங்கம் பார்த்த பகைவன்

மறு வருஷம் வந்தவர் மேஜர் கேம்பல். மான்சனின் அனுபவம் அவருக்குப் பாடம். இந்த முறை கோடை முழுதும் கையில் இருந்தது. வைகை மணலாகக் கிடந்தது. வண்டிகள் தடையில்லாமல் வந்தன. ஜூன் 26-ந் தேதி மதிலில் உண்டான பிளவுகளை நோக்கிப் படை பாய்ந்தது. யூசுப்கானின் ஆட்கள் அதைத் தாக்கித் துரத்திவிட்டார்கள். கும்பினிக்குப் பலத்த சேதம். மேஜர் பிரஸ்டன் பட்ட காயத்தால் பிறகு இறந்தார். வெயில் காலத்திலும் பீரங்கியால் மதுரையைப் பிடிக்க முடியவில்லை என்பது இங்கே குறித்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

கேம்பல் அதற்குப் பிறகு மதிலோடு மல்லுக்கட்டவில்லை. ஊரைச் சுற்றிக் காவல் போட்டு, உள்ளே ஒரு படி அரிசி போகாமல் தடுத்தார். பீரங்கிக்கு மழையால் ஆபத்து உண்டு. பசிக்கு மழையால் ஆபத்து இல்லை. ஜூலை போயிற்று, ஆகஸ்டு போயிற்று, செப்டம்பரும் போயிற்று. குதிரைகளை அறுத்துத் தின்னும் நிலை கோட்டைக்குள் வந்துவிட்டது. சிப்பாய்கள் மதிலேறிக் குதித்து எதிரியிடம் போனார்கள்.

வானத்தில் மேகம் கூடுகிற மாதம் நெருங்கிக்கொண்டிருந்தது. இன்னும் சில வாரம் தாங்கினால் ஆறு பெருகும். சுற்றிக் காவல் இருப்பவர்களின் பாடும் திண்டாட்டம்தான். அதற்குள் உள்ளே இருந்தவர்களே முடிவு கட்டிவிட்டார்கள். அக்டோபர் 13-ந் தேதி, திவான் ஸ்ரீநிவாச ராவும் பிரெஞ்சுக்காரர் மார்ச்சாண்டும் சேர்ந்து யூசுப்கானைப் பிடித்துக் கட்டினார்கள். தொழுகையில் இருந்தபோது பிடித்தார்கள் என்று மதுரையில் சொல்லுவார்கள். 15-ந் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். ஐப்பசி பிறக்கிற சமயம். மதுரைக்கு மேற்கே சம்மட்டிபுரத்தில் அவருடைய சமாதி இருக்கிறது.

துரோகம் ஒரு மாதம் தாமதித்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கேட்கிறவர்கள் உண்டு. என் அபிப்பிராயத்தில் பெரிய மாறுதல் இருந்திராது. அகழியை மழை நிரப்பும். குதிரை இறைச்சி தின்கிற ஊரின் களஞ்சியத்தை நிரப்பாது. 1763-ல் மழை யாருக்கு உதவியது? உள்ளே அரிசி வைத்திருந்தவருக்கு. 1764-ல் அரிசி மதிலுக்கு வெளியே இருந்தது.

காட்டை வெட்டிய கர்னல்

மதுரைக்குக் கிழக்கே சிவகங்கைச் சீமையில் கதை வேறு. அங்கே கோட்டை கல்லால் ஆனதல்ல, காடே கோட்டை. வள்ளுவர் அரண் என்ற அதிகாரத்தில் நீரையும் மலையையும் சொல்லுகிறபோது காட்டையும் சேர்த்துச் சொல்லியிருப்பதைக் காளையார்கோவிலில் மருது சகோதரர்கள் நிரூபித்துக் காட்டினார்கள்.

1801 ஜூலைக் கடைசியில் கர்னல் அக்னியூ சிறுவயலுக்கு வந்து சேர்ந்தார். ஊரை எதிரிக்கு விடக்கூடாது என்று சின்ன மருது தாமே தீ வைத்துவிட்டுப் போயிருந்தார். அங்கிருந்து காளையார்கோவில் வரை காட்டை வெட்டிப் பாதை போடுவது என்று அக்னியூ தீர்மானித்தார். ஆகஸ்டு முழுதும் வெட்டினார்கள். மரம் வெட்டுகிறவனைக் காக்க ஒரு படை, அந்தப் படையைக் காக்க இன்னொரு படை. முள்ளடர்ந்த புதருக்குள்ளிருந்து துப்பாக்கியும் வேலும் வளரியும் வந்துகொண்டே இருந்தன. வளரியை எறிகிற சாமர்த்தியத்தை, அந்தச் சண்டையில் இருந்த வெல்ஷ் என்ற அதிகாரி தம்முடைய நினைவுக் குறிப்புகளில் வியந்து எழுதியிருக்கிறார். ஒரு மாதம் வெட்டியும் பாதை கோயிலை எட்டவில்லை. செப்டம்பர் தொடக்கத்தில் வேலையை நிறுத்திவிட்டு ஒக்கூருக்குப் பின்வாங்கினார்கள்.

ஆனால் அடுத்த மழைக்காலம் வரை அக்னியூ காத்திருக்கவில்லை. அக்டோபர் 1-ந் தேதி, படையைப் பிரித்துப் பல பக்கமாக அனுப்பினார். ஒரு பகுதி இரவோடு இரவாகக் காட்டு வழியில் போயிற்று. காளையார்கோவில் விழுந்தது. அக்டோபர் 24-ந் தேதி திருப்பத்தூரில் மருது சகோதரர்களைத் தூக்கிலிட்டார்கள். அதோடு கும்பினி ஒரு முடிவுக்கு வந்தது. பாளையக்காரரின் மண்கோட்டைகளை இடித்தார்கள், ஆயுதங்களைப் பறித்தார்கள். இந்தக் காட்டையும் இந்த மண்ணையும் அப்படியே விட்டால் இன்னொரு மருது எழுவார் என்ற பயம்.

இம்பால் மழை

இந்த நாள் யுத்தத்தில் விமானமும் மோட்டாரும் வந்துவிட்டன, மழையாவது சேறாவது என்று நினைக்கிறவர்களுக்கு 1944-ம் வருஷத்து இம்பால் சண்டையைச் சொல்ல வேண்டும். நம்மவர்களுக்கு அது தூரத்து விஷயமல்ல. நேதாஜியின் சேனையில் சேர்ந்தவர்களில் மலாயாத் தோட்டங்களில் ரப்பர் பால் எடுத்த தமிழர்கள் அநேகம். ஜான்சி ராணிப் படையில் பெரும்பாலோர் தமிழ்ப் பெண்கள்.

1944 மார்ச்சில் ஜப்பானியப் படை சிந்துவின் ஆற்றைத் தாண்டி இம்பாலை நோக்கி வந்தது. இந்திய தேசிய ராணுவமும் கூட வந்தது. தளபதி முத்தாகுச்சியின் கணக்கு எளிமையானது. மழைக்கு முன்னால் இம்பால் விழுந்துவிடும். அங்கே உள்ள உணவுக் கிடங்குகள் நமக்கு. ஆகையால் நிறைய உணவு சுமக்க வேண்டியதில்லை. ஏப்ரல் 14-ந் தேதி மொய்ராங்கில் மூவர்ணக் கொடி ஏறியது. இம்பால் விழவில்லை. மே மாதம் மழை பிடித்தது. மலைப்பாதைகள் சரிந்தன. பாலங்களை ஆறுகள் கொண்டு போயின. பின்னாலிருந்து அரிசி வருவது நின்றது. காட்டுக் கீரையைத் தின்று, மலேரியாவில் நடுங்கிக்கொண்டு சண்டை போட்டார்கள். ஜூலையில் பின்வாங்க உத்தரவு வந்தது. குண்டுபட்டு இறந்தவர்களைவிடப் பசியாலும் நோயாலும் வழியில் விழுந்தவர்கள் அதிகம்.

அதே மழைதான் எதிர்ப்பக்கத்திலும் பெய்தது. ஆனால் ஜெனரல் ஸ்லிம்மின் படைக்கு ஆகாயத்திலிருந்து அரிசியும் மருந்தும் விழுந்துகொண்டிருந்தன. மலேரியாவுக்கு மாத்திரை தினந்தோறும் கட்டாயம். மழைக்காலத்தில் பர்மாவில் யாரும் சண்டை போட முடியாது என்ற பழைய வழக்கத்தை அவர் ஒதுக்கித் தள்ளினார். அடைமழையிலேயே பின்வாங்குகிறவர்களைத் துரத்திக்கொண்டு டிட்டிம் ரஸ்தாவிலும் கபாவ் பள்ளத்தாக்கிலும் படையை இறக்கினார்.

கேம்பல் 1764-ல் மதுரையில் செய்ததும், ஸ்லிம் 1944-ல் பர்மாவில் செய்ததும் ஒரே காரியம்தான். ஒருவர் எதிரியின் அரிசியை நிறுத்தினார். மற்றவர் தம்முடைய அரிசி நிற்காமல் பார்த்துக்கொண்டார்.

முன்னணிக்குப் போவோம் என்று பர்மாவில் மேமியோ முகாமில் காத்திருந்த ஜான்சி ராணிப் படைப் பெண்களுக்கு அந்தச் சந்தர்ப்பம் வரவே இல்லை. மழைக்குள்ளே நடந்து, காய்ச்சலோடும் புழுத்த புண்களோடும் திரும்பி வந்தவர்களுக்குக் கட்டுப் போட்டு, கஞ்சி கொடுத்து, பணிவிடை செய்யும் வேலைதான் அவர்களுக்கு வந்து சேர்ந்தது.